ஜப்பானிய ஹோம்ஸ்டே அம்மா இறந்துவிட்டால்: தொலைவில் இருக்கும் பிள்ளை செய்ய வேண்டியவை

டிசம்பர் முதல் வாரத்தில் ஜப்பானிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. வெளிறிய சாம்பல் நிறம், ஓரத்தில் ஒரு தாமரை, நடுவில் நான்கைந்து வரி. பள்ளிப் பரிமாற்றத் திட்டத்தில் பத்து மாதம் நான் தங்கியிருந்த வீட்டிலிருந்து வந்த அட்டை. படித்த ஜப்பானிய எழுத்துகள் பெரும்பாலும் எனக்கு மறந்து போயிருந்தன. புத்தாண்டு வாழ்த்தைக் கொஞ்சம் முன்னதாகவே அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து, சிவப்புச் சூரியன் போட்ட வாழ்த்து அட்டை ஒன்றைப் பதிலுக்கு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து, ஜப்பானியம் தெரிந்த தோழி ஒருத்தி அந்த அட்டையைப் படித்துச் சொன்னாள். என் ஒகாசான் ஜூன் மாதமே இறந்துவிட்டார்.

ஒகாசான் என்றால் அம்மா. அப்படித்தான் கூப்பிட்டேன், இன்றும் எனக்கு வேறு பெயர் வாயில் வராது. அவருக்காக என்ன செய்வது, யாருக்கு எழுதுவது, எவ்வளவு பணம், எந்த நாளில் போவது என்று ஒவ்வொன்றையும் தவறு செய்துதான் தெரிந்துகொண்டேன். ஜப்பானில் ஒரு வீட்டில் பிள்ளையாக இருந்துவிட்டு வந்த உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். பௌத்த முறைப்படி சடங்கு செய்யும் வீடுகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன், அங்கே பெரும்பாலான வீடுகள் அப்படித்தான். கிறிஸ்தவக் குடும்பமோ ஷின்தோ குடும்பமோ என்றால் பணம், பூ, தேதி பற்றிய பகுதிகள் பொருந்தாது.

1. வந்த அட்டை எது என்று பாருங்கள்

எனக்கு வந்ததன் பெயர் மோச்சூ ஹகாகி. வீட்டில் துக்கம் நடந்த ஆண்டில் புத்தாண்டு வாழ்த்து பரிமாற மாட்டார்கள். அதைத் தெரிவிக்க நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கத்துக்குள் இதை அனுப்புவார்கள். சாம்பல் அல்லது மங்கிய ஊதா நிறம், தாமரை அல்லது சாமந்திப் படம் இருக்கும். இறந்தவர் பெயர், உறவு, வயது, மாதம் எல்லாம் இரண்டு வரியில் முடிந்துவிடும். தொலைவில் இருக்கிற நிறைய பேருக்கு மரணச் செய்தி இந்த அட்டை வழியாகத்தான் தெரிய வருகிறது. எனவே ஜப்பானிலிருந்து எது வந்தாலும் அன்றைக்கே யாரிடமாவது காட்டிப் படித்துவிடுங்கள். கைப்பேசி மொழிபெயர்ப்பே இதற்குப் போதும்.

அட்டை வந்த பிறகு நெங்காஜோ, அதாவது புத்தாண்டு அட்டை, அனுப்பக் கூடாது. அதற்குப் பதிலாக கன்ச்சூ மிமாய் என்ற குளிர்கால நலம் விசாரிப்பு அட்டை இருக்கிறது. ஜனவரி 8 முதல் பிப்ரவரி தொடக்கம் வரை போய்ச் சேரும்படி அனுப்புவது வழக்கம். என்னைப் போல வாழ்த்து அட்டை ஏற்கெனவே போய்விட்டதா? கன்ச்சூ மிமாயில் ஒரே ஒரு வரியில் மன்னிப்புக் கேளுங்கள். பக்கம் பக்கமாக விளக்கம் எழுதினால் துக்கத்தில் இருப்பவர்கள் உங்களைத் தேற்ற வேண்டிவரும்.

2. செய்தி அன்றே வந்தால்

மகளோ மகனோ லைன் செயலியில் உடனே சொல்லிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். விமானச் சீட்டைத் தேடத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். இரவு விழிப்புச் சடங்கு, மறுநாள் இறுதிச் சடங்கு, அன்றே தகனம் என்று பெரும்பாலும் சில நாட்களுக்குள் எல்லாம் முடிந்துவிடும். அங்கே 99 சதவீதத்துக்கும் மேல் தகனம்தான். விசா தேவைப்படும் கடவுச்சீட்டு உங்களுடையது என்றால் அதற்குள் போய்ச் சேர்வது நடக்காத காரியம். மேலும் இப்போது கசோகுசோ என்ற, குடும்பத்தினர் மட்டும் கூடும் சடங்கைப் பலரும் தேர்ந்தெடுக்கிறார்கள். அழைக்காமல் போய் நின்றால் அவர்களுக்குத்தான் சங்கடம்.

அன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். நான்கு வரிச் செய்தி. வீடியோ அழைப்பு வேண்டாம். இறப்புக்குக் காரணம் என்ன, கடைசியில் என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டாம். பதில் எதிர்பார்க்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

அப்புறம், இறந்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாக் கணக்கும் அதிலிருந்துதான்.

3. கடிதம்

இதற்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள். பூவும் பணமும் ஊரார் எல்லோரும் அனுப்புவார்கள். அந்த வீட்டில் உங்கள் கண்ணால் பார்த்த ஒகாசான் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறார், அவரைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் இந்தக் கடிதத்தின் வேலை.

முதலில் வடிவம். வெள்ளை உறை, உள்ளே இன்னொரு தாள் ஒட்டாத ஒற்றை உறை. கடிதமும் ஒரே தாளில். இரட்டையாக இருந்தால் துக்கம் இரட்டிக்கும் என்ற எண்ணம் அங்கே உண்டு. அதே காரணத்துக்காக 'மீண்டும் மீண்டும்', 'அடிக்கடி' போன்ற அடுக்குச் சொற்களைத் தவிர்ப்பார்கள். ஜப்பானியக் கடிதங்களில் வழக்கமாக வரும் பருவகால முன்னுரையும் வேண்டாம். 'சொர்க்கத்தில் இளைப்பாறட்டும்' என்ற வகை வாக்கியத்தை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் வருகிற சொல் கிறிஸ்தவச் சாயல் கொண்டது, பௌத்த வீட்டுக்குப் பொருந்தாது. இன்னொரு பொறி: 'மறுவுலக நலனுக்காகப் பிரார்த்திக்கிறேன்' என்ற பொருளில் எல்லா மாதிரிக் கடிதங்களிலும் ஒரு வாக்கியம் இருக்கும். ஜோதோ ஷின்ஷூ என்ற பௌத்தப் பிரிவினர் அதைப் பயன்படுத்துவதில்லை. எந்தப் பிரிவு என்று தெரியாவிட்டால் அந்த வாக்கியத்தையே விட்டுவிடுங்கள். 'செய்தி கேட்டுத் துயரப்படுகிறேன்' என்பது எங்கும் சரி.

உங்கள் ஜப்பானியம் தடுமாறினால் பரவாயில்லை. ஹிரகானா என்ற எளிய ஒலி எழுத்தில், உங்கள் கையாலேயே எழுதுங்கள். நன்றாகத் தெரிந்தவர் ஒருவரை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், ஆனால் அவர் மொத்தமாக மாற்றி எழுத விடாதீர்கள். பதினாறு வயதில் அந்த வீட்டில் பேசிய மொழி உங்களுடையதுதான், அவர்களுக்கு அது தெரியும்.

உள்ளே என்ன எழுதுவது? 'அன்பானவர், கருணையானவர்' என்பது எல்லா அம்மாக்களுக்கும் பொருந்தும். அதை விடுங்கள். ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுதியது இது. ஒகாசான் காலையில் வேலைக்குப் போகுமுன் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டிவிட்டுப் போவார். ஜப்பானிய எழுத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. அவர் எனக்காக எல்லாவற்றையும் ஹிரகானாவில், ஒவ்வொரு சொல்லுக்கும் பிறகு ஒரு விரல் அகலம் விட்டு எழுதுவார். 'இன்று மழை. குடை கதவருகே.' இரண்டாவது மாதம் முதல் அந்தச் சீட்டுகளைச் சேர்த்து வைத்தேன். இப்போது இறந்த செய்தி தெரிந்த பிறகு தேதி வாரியாக எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பார்த்தபோதுதான் கவனித்தேன்: மாதம் போகப் போக இடைவெளி குறுகிக்கொண்டே வருகிறது. கடைசிச் சீட்டுகளில் இடைவெளியே இல்லை. நானும் தடங்கல் இல்லாமல் படித்திருக்கிறேன், அப்போது உணரவே இல்லை.

இதை எழுதி, ஐந்து சீட்டுகளின் நகலையும் வைத்து அனுப்பினேன். ஒதோசான், அதாவது அந்த வீட்டு அப்பா, இரண்டு மாதம் கழித்துப் பதில் எழுதினார். அவர் விடியுமுன்னே வேலைக்குக் கிளம்பிவிடுபவர். அப்படிச் சீட்டுகள் இருந்ததே அவருக்குத் தெரியாதாம்.

அசலை அனுப்பாதீர்கள், நகல் போதும். அசல் வழியில் தொலைந்தால் ஈடு இல்லை.

4. படங்கள்

குடும்பப் படங்களில் பெரும்பாலும் அம்மா இருக்க மாட்டார், படம் எடுப்பவரே அவராக இருப்பார். பரிமாற்ற மாணவர்களின் படங்களில்தான் அவர் நிறைய இருப்பார். பழைய கைப்பேசி, மெமரி கார்டு, மின்னஞ்சல் இணைப்பு எல்லாவற்றையும் தேடுங்கள். ஒரு வார இறுதி முழுக்க இதற்கே போகும், போகட்டும்.

கிடைத்தவற்றில் பத்துப் படத்துக்கு மேல் வேண்டாம். அச்சிட்டு அனுப்புங்கள். ஜப்பானிய ஆல்பங்களில் சாதாரணமாக நுழையும் அளவு 89க்கு 127 மில்லிமீட்டர். ஒவ்வொன்றின் பின்னாலும் மென்மையான பென்சிலால் ஆண்டும் இடமும் எழுதுங்கள். நூறு படத்தை ஒரே நாளில் லைனில் கொட்டினால் அந்த மனநிலையில் அவர்களால் பார்க்க முடியாது. அவர் பேசும் காணொளி இருந்தால் கேட்காமல் அனுப்பவே கூடாது. 'ஒகாசான் குரல் இருக்கும் காணொளி ஒன்று என்னிடம் உள்ளது, வேண்டும் என்று தோன்றும்போது சொல்லுங்கள்' என்று எழுதி விட்டுவிடுங்கள். எனக்கு ஓராண்டு கழித்துத்தான் அங்கிருந்து கேட்டார்கள்.

5. பணம், பூ

சாவு வீட்டுக்குக் கொடுக்கும் பணம் கோதென். கேட்காமலே அனுப்பிவிடாதீர்கள், பல குடும்பங்கள் இப்போது கோதென் வாங்குவதில்லை என்று முன்பே சொல்லிவிடுகின்றன. அப்படிச் சொன்னால் அது மரியாதைப் பேச்சு இல்லை, உண்மையான மறுப்பு. வற்புறுத்தாதீர்கள்.

வாங்குவார்கள் என்றால், நண்பர் நிலையில் இருப்பவர் தருவது பொதுவாக 5,000 யென் அல்லது 10,000 யென். 4, 9 வரும் தொகை ஆகாது. மனம் கனத்து 30,000 போட நினைப்பீர்கள், நானும் நினைத்தேன். ஆனால் வாங்கிய கோதெனில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை மதிப்புள்ள பொருளைத் திருப்பி அனுப்புவது அங்கே கடமை. நீங்கள் அதிகமாகக் கொடுத்தால், அவர்கள் வெளிநாட்டுக்குப் பொட்டலம் கட்டி அனுப்பும் வேலையைத்தான் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். பதில் அன்பளிப்பு வேண்டாம் என்று கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள்.

உறையின் மேலே எழுதும் சொல் நாளைப் பொறுத்தது. இறந்ததிலிருந்து 49-ஆம் நாள் சடங்குக்கு முன் கோரெய்சென், அதற்குப் பின் கோபுட்சுசென். ஜோதோ ஷின்ஷூ வீட்டில் முதல் நாளிலிருந்தே கோபுட்சுசென். கடைகளில் இரண்டும் அச்சிட்டே கிடைக்கும். சிவப்பு வெள்ளைக் கயிறு கட்டிய உறை திருமணம் போன்ற நல்ல காரியத்துக்கானது, அவசரத்தில் மாற்றி எடுத்துவிடாதீர்கள். மொடமொடப்பான புதுத்தாள் வைத்தால் சாவை எதிர்பார்த்துத் தயாராக இருந்தது போல ஆகிவிடும் என்பார்கள். புதுத்தாள்தான் இருக்கிறது என்றால் நடுவில் ஒருமுறை மடித்து வையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து சாதாரணத் தபாலில் பணத்தாள் வைத்து அனுப்பக் கூடாது. தடை செய்யப்பட்ட பொருள் அது. எளிய வழி, அங்கே இருக்கும் நண்பர் ஒருவருக்குப் பணத்தை அனுப்பி, அவரைக் கென்கின் ககிதொமே என்ற பதிவுப் பணத்தபாலில் சேர்க்கச் சொல்வது. அதற்கான தனி உறை 21 யென். 10,000 யென் வரை அனுப்பக் கட்டணம் 480 யென், கூடவே கடிதத் தபால் கட்டணம் 110 யென்னிலிருந்து. கோதென் உறையையும் சிறு கடிதத்தையும் அதற்குள்ளேயே வைக்கலாம். தெருவில் உள்ள தபால் பெட்டியில் போடக் கூடாது, அஞ்சலக மேசையில்தான் கொடுக்க வேண்டும்.

செய்தியே 49 நாள் கழித்துத்தான் தெரிந்தது என்றால், என் கருத்தில் பணத்தை விடப் பூவோ ஊதுவத்தியோ நல்லது. ஜப்பானிய இணையப் பூக்கடைகளில் புட்சுதான் என்ற வீட்டுப் பூஜைமாடத்துக்கான பூ என்று தனிப் பிரிவே இருக்கும், 5,000 யென்னுக்கு நல்லதாகக் கிடைக்கும். சிறியதாக, குவளையோடு வருவதாகத் தேர்ந்தெடுங்கள். 49 நாளுக்கு முன் வெள்ளை, பிறகு மென்மையான நிறங்கள் சேர்க்கலாம். முள் இருக்கும் ரோஜா வேண்டாம். வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தைக் கேட்டு அந்த நேரத்துக்கே பதிவு செய்யுங்கள்.

6. முகவரி மாறியிருந்தால்

பழைய முகவரிக்குப் போன கடிதம் திரும்பி வந்தால், உங்களை அனுப்பிய பரிமாற்ற அமைப்பின் ஜப்பான் அலுவலகத்துக்கு எழுதுங்கள். தனிநபர் தகவல் சட்டம் காரணமாகப் புது முகவரியைத் தர மாட்டார்கள், அதைக் கேட்டு வாதாட வேண்டாம். 'இந்தக் கடிதத்தைச் சேர்ப்பிக்க முடியுமா' என்று கேளுங்கள். எந்த ஆண்டு, எந்தப் பள்ளி, எந்த ஊர்க் கிளை என்று மூன்றையும் எழுதினால் தேடுவது சுலபம். தன்னார்வலர்கள் பார்க்கும் வேலை, ஒரு மாதம் பொறுங்கள்.

7. நேரில் போவது

எப்போது போவது? 49-ஆம் நாள் சடங்கு ஷிஜூகுநிச்சி. இறந்த நாளையே முதல் நாளாக எண்ணுவார்கள். வார இறுதிக்காகச் சில நாள் முன்னே தள்ளி வைப்பார்கள், பின்னே தள்ள மாட்டார்கள். எனவே நீங்களாகக் கணக்குப் போட்டுச் சீட்டு வாங்கினால் சடங்கு முடிந்திருக்கலாம். இது உறவினர் கூடும் நாள், அழைத்தால் மட்டும் போங்கள். ஆகஸ்ட் 13 முதல் 16 வரை, சில பகுதிகளில் ஜூலையில், ஒபோன் வரும். இறந்தவர் வீடு திரும்பும் நாட்கள் அவை, முதல் ஒபோன் இன்னும் முக்கியம். ஆனால் ரயிலும் விமானமும் நிரம்பி வழியும், விலையும் ஏறும். மார்ச், செப்டம்பரில் பகலும் இரவும் சமமாகும் நாளை ஒட்டிய ஏழு நாட்கள் ஹிகான். எல்லோரும் கல்லறைக்குப் போகும் வாரம் அது. ஒன்றும் இல்லாத ஒரு சாதாரண வாரத்தில் போவதுதான் எனக்குச் சரியாக அமைந்தது. ஒதோசானுக்குப் பேச நேரம் இருந்தது.

விசா: மலேசியா, சிங்கப்பூர் கடவுச்சீட்டு என்றால் குறுகிய காலப் பயணத்துக்கு விசா வேண்டாம். இந்தியா, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு வேண்டும். தெரிந்தவரைப் பார்க்கப் போகும் வகையில் விண்ணப்பிக்க, உங்கள் பக்கத்திலிருந்து கடவுச்சீட்டு, படிவம், புகைப்படம், பயணத் திட்டம், செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று ஆகியவை தேவை. அவர்கள் பக்கத்திலிருந்து அழைப்புக் காரணக் கடிதமும் தங்கும் நாட்களின் அட்டவணையும் வேண்டும். செலவை அவர்கள் ஏற்பதாக எழுதினால் உத்தரவாதக் கடிதம், வருமான வரிச் சான்று, ஜூமின்ஹ்யோ என்ற குடியிருப்புச் சான்று என்று காகிதம் பெருகும். ஜூமின்ஹ்யோவுக்குக் கட்டணம் சுமார் 300 யென்தான், ஆனால் மனைவியை இழந்த முதியவரை அதற்காக நகராட்சிக்கு அலைய விடுவது நியாயமில்லை. செலவை நீங்களே ஏற்று விண்ணப்பியுங்கள். அழைப்புக் கடிதத்தின் படிவத்தைத் தரவிறக்கி, தெரிந்த விவரங்களை நிரப்பி, அவர் பார்த்துச் சரிசெய்து தரும்படி அனுப்பினால் அவருக்கு வேலை குறையும்.

நீங்கள் யார் என்பதற்குச் சான்று கேட்பார்கள். பரிமாற்றத் திட்டச் சான்றிதழ், அந்த ஆண்டின் விசா ஒட்டிய பழைய கடவுச்சீட்டு, அந்தக் குடும்பத்தோடு எடுத்த படம், வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் நகலெடுத்து வையுங்கள். மோச்சூ அட்டையையும் சேர்த்தேன். பழைய கடவுச்சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தால், விண்ணப்பம் ஏற்ற மறுநாளிலிருந்து ஐந்து வேலை நாள் என்பது பொது விதி. கூடுதல் காகிதம் கேட்டால் நீளும், நான்கு வாரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை நுழைவு விசா, கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். எனவே ஆறு மாதம் முன்பே வாங்கி வைக்கும் யோசனை பலிக்காது. விசா கைக்கு வருமுன் திருப்பித் தராத சீட்டு வாங்காதீர்கள்.

8. அந்த வீட்டுக்குள், கல்லறையில்

கையில் ஒசொனாயே என்ற படையல் பொருள் கொண்டுபோங்கள். தனித்தனியாகச் சுற்றிய, சீக்கிரம் கெடாத இனிப்பு, 3,000 முதல் 5,000 யென்னுக்குள். 'துக்க வீட்டுக்கு' என்று கடையில் சொன்னால் அதற்கேற்பக் கட்டித் தருவார்கள். அங்கேயே வாங்குங்கள். பழம், இறைச்சி கலந்த பொருள், பூ ஆகியவற்றை விமானத்தில் கொண்டுபோனால் சோதனையில் பறிபோகலாம். பொருளை நீங்களே மாடத்தில் வைக்காமல், குடும்பத்தாரிடம் இரண்டு கையாலும் கொடுங்கள்.

புட்சுதான் முன் மண்டியிட்டு உட்கார்ந்து, வணங்கி, மெழுகுவத்தியில் ஊதுவத்தியைப் பற்றவையுங்கள். சுடரை வாயால் ஊதி அணைக்காதீர்கள், கையால் விசிறுங்கள். எத்தனை வத்தி, நட்டு வைப்பதா படுக்க வைப்பதா என்பது பிரிவுக்குப் பிரிவு வேறு. வீட்டார் செய்வதைப் பார்த்து அப்படியே செய்யுங்கள். அங்கே அவர் படம் இருக்கும். நான் உடைந்துபோனேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஒதோசான் எழுந்து போய்த் தேநீர் போட்டார்.

கல்லறைக்குத் தனியாகப் போவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. கல்லில் அவர் பெயரைத் தேடாதீர்கள். குடும்பப் பெயர்தான் பெரிதாக இருக்கும், பக்கவாட்டில் இருப்பது பெரும்பாலும் பௌத்த முறையில் இறப்புக்குப் பின் சூட்டிய பெயர், நீங்கள் அறியாத பெயர். வரிசை எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாளியும் அகப்பையும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். கல்லைக் கழுவி, இரண்டு பக்கமும் பூ வைத்து, ஊதுவத்தி ஏற்றுங்கள். தின்பண்டம் படைத்தால் திரும்பும்போது எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் காக்கை கிளறிவிடும்.

49 நாள் கழிந்த பிறகு இறந்தவரின் பொருள்களை நெருங்கியவர்களுக்குப் பகிர்வார்கள், கதாமிவாகே என்று பெயர். உங்களுக்கும் ஒன்று தர நினைக்கலாம். கேட்டு வாங்காதீர்கள், கொடுத்தால் மறுக்காதீர்கள். பெட்டி, ரிப்பன் எதுவும் இருக்காது, அதற்குக் கைம்மாறும் செய்ய வேண்டாம். எனக்கு வந்தது பாதி தீர்ந்த துண்டுச்சீட்டுக் கட்டு.

9. ஆண்டுக் கணக்கு

ஓராண்டு நிறைவு இஷ்ஷூகி. அடுத்தது சங்கைகி, 'மூன்றாம்' நினைவு. இதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள், அது மூன்றாம் ஆண்டு நிறைவு அல்ல, இரண்டாம் ஆண்டு நிறைவு. இறப்பையே முதலாவதாக எண்ணுவதால் எப்போதும் ஒன்று குறையும். நான் மூன்றாண்டு என்று நினைத்து ஒரு வருடம் தாமதமாகக் கடிதம் எழுதினேன். ஏழாம் நினைவு என்றால் ஆறு ஆண்டு நிறைவு. பூ அனுப்புவதாக இருந்தால் முந்தைய நாள் சேரும்படி பதிவு செய்யுங்கள், கடிதம் என்றால் மூன்று வாரம் முன்பே தபாலில் சேருங்கள்.

என் ஒகாசானின் ஏழாம் நினைவை ஜூன் மாதப் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன், சரியான ஆண்டில்.